கடலுக்குள் நின்ற கோயில்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஆவணி மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை. கோட்டாறில் எங்கள் வீட்டு அடுக்களையில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். குளச்சல் பக்கத்தில் இருக்கும் கல்லூரித் தோழியிடமிருந்து போன். எடுத்ததும், "ஏட்டி, நேத்து நீ என்ன செஞ்ச? எங்க கோயிலு கடலுக்குள்ள நிக்கு" என்றாள்.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. கரண்டியைப் போட்டுவிட்டு லேப்டாப்பைத் திறந்தேன்.

தோழி மீனவர்களுக்காக ஒரு செல்போன் செயலி நடத்துகிறாள். கரையில் மாதா கோயில், கடலுக்கு அடியில் கிடக்கும் பாறைகள் எல்லாம் அதன் வரைபடத்தில் தெரியும். வள்ளமோ வலையோ மாட்டிவிடக்கூடாது என்று பாறைக்குச் சிவப்பு நிறம். அந்தப் படத்தைத் திரையில் வரைகிற நிரல் என் பராமரிப்பில் இருந்தது. கம்ப்யூட்டர், புது போன், பழைய போன் எதுவானாலும் ஒரே மாதிரி வரைய வேண்டும். அதுதான் என் வேலை.

வீடானாலும் நிரலானாலும் வேண்டாதது கிடந்தால் எனக்குப் பொறுக்காது. முந்தின நாள் பதினோரு வரிகளை அழித்திருந்தேன். யாரோ எப்போதோ எழுதியவை, எதற்கென்று ஒரு குறிப்பும் இல்லை. அழித்த பிறகும் என் லேப்டாப்பிலும் என் புது போனிலும் படம் சரியாகவே இருந்தது. சுத்தம் செய்துவிட்டோம் என்ற பெருமையோடு புதுப் பதிப்பை வெளியிட்டேன். பழைய போன்கள், இடத்தைக் குறிக்கும் நீளமான எண்களைக் கடைசியில் கொஞ்சம் வெட்டிவிடும். அந்த வெட்டு படத்தைப் பாதிக்காமல் பார்த்துக்கொண்டவை அந்தப் பதினோரு வரிகள்தான். இப்போது பழைய போன்களில் கோயில் கடலுக்குள் போய்விட்டது. பாறையும் இடம் மாறியிருக்கும்.

தோசை கருகும் வாசனையிலேயே வரிகளைத் திரும்பச் சேர்த்து வெளியிட்டேன். ஆனால் கடலுக்குள் சிக்னல் கிடையாது. விடியற்காலையில் போனவர்களுக்கு அது எப்படிப் போய்ச் சேரும்? வீட்டில் உட்கார முடியவில்லை. பஸ் ஏறினேன். வழியெல்லாம் செயலியைத் திறப்பதும் மூடுவதுமாக வந்தேன்.

நான் கரைக்குப் போனபோது மற்றவர்களெல்லாம் வந்துவிட்டார்கள், ஒரு வள்ளம் மட்டும் வரவில்லை என்றாள் தோழி. "அந்தா, வலைக்குப் பக்கத்துல இருக்கா பாரு, அவளுக்க மாப்பிள்ளதான். நீ அவகிட்ட விஷயத்தச் சொல்லு. நான் அடுத்த ஊர்க் கரையில ஏறியிருக்கானான்னு பாத்துட்டு வாறேன்" என்று ஸ்கூட்டரில் கிளம்பினாள். சொல்கிறேன் என்று தலையாட்டினேன்.

சொல்லவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அந்தப் பெண்ணுக்கு முப்பது வயதுகூட இருக்காது. நான் யாரென்று கேட்டாள். தோழியைப் பார்க்க வந்தேன் என்றேன். பிளாஸ்கில் இருந்த பால் விடாத கட்டன்சாயாவை மூடியில் ஊற்றித் தந்தாள். "பத்து மணிக்கு வந்துருவாரு, இன்னிக்கு என்னவோ காணல்ல" என்றாள். எழுந்து நடந்தேன், திரும்ப வந்து உட்கார்ந்தேன். இப்படியே இரண்டு மணி நேரம். வேற்று ஊர் வள்ளம் ஏதாவது தூரத்தில் தெரியும்போதெல்லாம் அவள் எழுந்தாள், நானும் எழுந்தேன்.

பன்னிரண்டரைக்கு அவர்கள் வள்ளம் வந்தது. மீன் ஒன்றும் இல்லை. அவர் இறங்கியதும் முதல் வேலையாகத் தோழி எங்கே என்று தேடினார். ஸ்கூட்டரில் திரும்பி வந்திருந்த அவளிடம் சொன்னார்: "மலைய மேகம் மூடிட்டு. போன மட்டும் நம்பி எப்பிடிப் போறது? கோயில் குருசும் மலை முடியும் ஒரே நேரா வந்தாத்தான் எடம் சரி. ரெண்டு அடையாளம் ஒத்து வராம நாங்க வல போடமாட்டோம். நங்கூரத்தப் போட்டுட்டு இருந்தேன். மேகம் வெலகினப்போ ரெண்டு அடையாளத்தையும் வச்சுப் பாத்தா, போனு காட்டுன எடத்துல பாறை இல்ல. எங்க வள்ளத்துக்கு முன்னால கெடக்கு!"

அப்போதுதான் எனக்கு வாய் திறந்தது. எல்லாவற்றையும் சொன்னேன், அழுதுகொண்டே. அவர் கோபப்படவில்லை. "நாளைக்கு ஞாயிறு, கடலுக்குப் போவமாட்டோம். இந்தப் போனக் கொண்டுபோய் நல்லாப் பாத்துட்டுத் தாங்க எக்கா" என்று ஈரத் துணியில் துடைத்துக் கொடுத்தார்.

அவர் மனைவிதான் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "வந்த ஒடனே இதச் சொல்லியிருந்தா, நான் வேற வள்ளத்த அனுப்பித் தேடச் சொல்லியிருப்பேன். ஏன் எக்கா சொல்லல்ல?"

சாயா குடித்த மூடி இன்னும் என் கையில் இருந்தது.

ஞாயிறு முழுக்க அந்தப் போனில் கோயில் கரையிலேயே நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். திங்கள் விடிவதற்கு முன் கொண்டுபோய்க் கொடுத்தேன். இப்போது என் மேசையில் அதே மாதிரி ஒரு பழைய போன் இருக்கிறது. அதுவும் லேப்டாப்பும் ஒத்து வராமல் எதையும் வெளியிடுவதில்லை. தப்பு நடந்தால், சரிசெய்வதற்கு முன்பே எல்லோருக்கும் சொல்லிவிடுகிறேன். பதினோரு வரியை அழித்தது தெரியாமல் செய்தது என்று என்னைத் தேற்றிக்கொள்ள முடிகிறது. அவள் சாயாவைக் குடித்துக்கொண்டு அவள் பக்கத்திலேயே வாய்மூடி இருந்த அந்த இரண்டு மணி நேரத்துக்குத்தான் இன்று வரை எனக்குச் சமாதானம் கிடைக்கவில்லை.