உப்பில்லாச் சோறு

உப்பே போடாமல் மகனுக்குக் குழைத்த சோறு இன்று என் நாக்கில் கரித்தது. என் பிரமையோ என்று இன்னொரு வாய் தின்றேன். கரித்தது.

பவானிபூரில் இந்த அடுக்குமாடி வருவதற்கு முன் இதே இடம் பல குடித்தனங்களுக்குப் பொதுவான எங்கள் முற்றம். நடுவில் கிறீச்சிடும் அடிபம்பு, சுற்றிலும் வழுக்கும் பாசி, நிலத்தடி நீரில் உப்பேறியதா என்று பார்க்கத் தினமும் காலையில் முறைவைத்து ஒரு வீடு அந்தத் தண்ணீரில் ஒரு பிடி அரிசியை உப்பின்றி வேகவைக்கும், கரித்தால் பம்பில் சிவப்புத் துணி கட்டிவிட்டு எல்லோரும் வாளிகளோடு தெருக்குழாய்க்குப் போவார்கள்.

"மொதல்ல கொழந்தைகளுக்குக் குடுங்கோ. நம்ம நாக்கெல்லாம் டீயில வெந்து போச்சு," என்பாள் எதிர்வீட்டு மாமி. நாங்கள் துப்பினால் துணி ஏறிவிடும்.

இப்போது அதே நிலத்தடி நீர் வரும் சுத்திகரிப்பானில் பச்சை விளக்கு எரிந்தால் போதும், யாரும் ருசிப்பதில்லை.

கிண்ணத்தோடு பக்கத்து வீட்டு மணியை அழுத்தும்போதுதான் உறைத்தது: நான்கு நாட்களாக மகன் துப்பத் துப்ப, அடம் என்று அதட்டி ஊட்டியிருக்கிறேன்.