சம்சு பாயின் இலவச வத்தல்

விருதுநகர் பஜாரில் மிளகாய் வத்தல் தரகர் சம்சு பாயிடம் விலை கேட்டால் வாயைத் திறக்க மாட்டார். தோளில் கிடக்கும் துண்டை எடுத்து உங்கள் கை மேல் போடுவார். துண்டுக்கு அடியில் உங்கள் விரல்களைப் பிடிப்பார். எந்த விரல், எத்தனை அழுத்து, அதுதான் விலை. பக்கத்தில் நிற்பவனுக்கு இரண்டு பேர் முகம் மட்டுந்தான் தெரியும். ஊரே செல்போனில் விலை சொல்லப் பழகிய பிறகும் இவர் துண்டை விடவில்லை. விரலை அழுத்திச் சொன்ன விலையை, சாயங்காலம் சந்தை சரிந்தாலும் மாற்றியதே இல்லை என்று ஒரு பெருமை வேறு. அதைத் தினமும் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. அவருக்கு இரண்டு கடை தள்ளிச் சாக்கு விற்கிறேன், தப்பிக்க வழியில்லை.

இப்படிப்பட்ட மனிதருக்கு வெப்சைட் ஆசை வரக் காரணம் எதிர்க்கடை காளீஸ்வரன். அவரும் வத்தல் தரகர்தான். சிவகாசியில் பட்டாசுக் கம்பெனிகளுக்கு வெப்சைட் செய்து கொடுக்கும் ஒருவரைப் பிடித்துத் தனக்கும் ஒன்று செய்துகொண்டார். அதைத் திறந்தால் முதலில் நாலு ராக்கெட் சீறிக்கொண்டு போய் வெடிக்கும், புகை அடங்கியபின் வத்தல் தெரியும். வந்த விசாரிப்பெல்லாம் சரவெடிக்குத்தான். இருந்தாலும் காளீஸ்வரன் செல்போனை உயர்த்திப் பிடித்தபடி பஜாரைச் சுற்றி வந்தார்.

சம்சு பாய்க்குப் பொறுக்கவில்லை. "காசு குடுத்தா யாரும் செய்வாக. நானே என் கையால செய்யுதேன், பாருங்க" என்றார்.

வத்தலைக் காதருகே ஆட்டி, விதைச் சத்தம் கேட்டு வாங்குகிறவர் அவர். வெப்சைட் செய்யும் கருவிகளையும் அப்படித்தான் ஆட்டிப் பார்த்தார். முதலில் பார்த்தது பெரிய ஆட்கள் பயன்படுத்துவது. அதில் பெயருக்குத் தனிக் காசு, இடத்துக்குத் தனி, அலங்காரத்துக்குத் தனி, பூட்டுக்குத் தனி. "வத்தல் வாங்க வந்தவன்கிட்ட சாக்குக்கும் சணலுக்கும் தனியா கேட்ட மாதிரில்ல இருக்கு" என்று மூடிவிட்டார். சாக்குக்குத் தனியாகக் கேட்பதில் என்ன தப்பு என்று எனக்குக் கோபம். இரண்டாவது, தொழிலைச் சொன்னால் போதும், தானே எல்லாம் எழுதிக்கொள்ளும் வகை. அது சம்சு பாயை மூன்று தலைமுறை ஏற்றுமதியாளர் ஆக்கிவிட்டு, பக்கத்தில் ஒரு பச்சைக் குடைமிளகாய்ப் படத்தை வைத்தது. அவருக்கு மனசே விட்டுப்போயிற்று.

மூன்றாவது பிடித்துவிட்டது. செல்போனிலேயே செய்யலாம். கடை மாதிரி கட்டங்கள் தயாராக இருக்கும், படத்தை விரலால் இழுத்து வைத்தால் போதும். தப்பாக வைத்தால் திரும்ப இழுக்கலாம், எத்தனை தரம் மாற்றினாலும் ஒன்றும் கேட்காது. புதுசாகத் தொடங்குகிறவனுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? என் சாக்கில் குவித்த, குண்டு குண்டான முண்டு வத்தலைப் படம் எடுத்தார். சாக்கு யாருடையது என்று ஒரு வரி போடச் சொன்னேன். கேட்கவில்லை.

விலைக் கட்டத்தில்தான் சிக்கல். ஊருக்கே தெரிய விலையை எழுத இவருக்குக் கை வருமா? காலியாக விட்டால் கருவி ஒத்துக்கொள்ளவில்லை. விலை அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்ற எண்ணத்தில் ஒரு பூஜ்யத்தைப் போட்டார். வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குக் கிளம்பும்போது பஜார் வாட்ஸ்அப் குரூப்பில் லிங்க்கைப் போட்டுவிட்டு, செல்போனின் வாயை அடைத்துப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

பூஜ்யத்தைக் கண்ட கருவி தன் புத்திக்கு எட்டியபடி மொழிபெயர்த்துக்கொண்டது. முண்டு வத்தல், முதல் தரம், இலவசம். கடைக்கு வந்து எடுத்துக்கொள்ளவும்.

தொழுகை முடிந்து அவர் வருவதற்குள் பஜாரே ஆர்டர் போட்டிருந்தது. நானும் நாலு போட்டேன். இலவசம் என்றால் யார் விடுவார்கள்?

சம்சு பாய் செல்போனைப் பார்த்துவிட்டுக் கல்லாவில் அப்படியே உட்கார்ந்தார். கிட்டங்கியில் மூட்டை மூட்டையாக அடுக்கியிருந்தது, மல்லாங்கிணறு பக்கம் வெள்ளாமை செய்யும் சம்சாரிகளிடம் வாங்கிய அவருடைய சொந்தச் சரக்கு. அது போனால் இந்த வருசம் முழுக்கப் போச்சு.

"தப்பாப் போச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க பாய். முடிஞ்சுது" என்றேன்.

"எழுதிப் போட்டது என் கைதான? அது வாக்குதான். கிட்டங்கி காலியாப் போனாலும் மாத்த மாட்டேன்."

சொல்லிவிட்டுக் கிட்டங்கிச் சாவியை எடுத்துக் கல்லா மேல் வைத்தார். அதுவரை எனக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது, அப்போது பாவமாகிவிட்டது. மனுசன் நிஜமாகவே கொடுத்துவிடுவார்.

அந்த நேரம் மனைவி பீவி ஜான் சாப்பாட்டுத் தூக்கோடு வந்தார். விஷயத்தைக் கேட்டு, செல்போனை வாங்கி மேலும் கீழும் பார்த்தார்.

"ஏங்க, இதுல எண்ணிக்கைன்னுதான இருக்கு. மூட்டைன்னு எங்கன எழுதுனீக?"

"பஜார்ல ஒண்ணுன்னா ஒரு மூட்டை. அதைப் போயி எழுதுவாகளா?"

"எழுதலைல்ல? சோறு ஆறுது, சாப்பிடுங்க."

சம்சு பாய் செல்போனை வாங்கி அந்தக் கட்டத்தை ஒரு தரம் படித்தார். பிறகு சாப்பிட்டார், நன்றாகவே சாப்பிட்டார்.

காளீஸ்வரன் வரும்போது குட்டியானை வண்டியோடு வந்தார். எண்ணிக்கை இருபத்தைந்து என்று ஆர்டர் போட்டிருந்தார். வேடிக்கை பார்க்கக் கூட்டம் வேறு.

"மாமா, ஏத்தலாமா? சொன்ன சொல்லு மாறாத ஆளுல்ல நீங்க."

"வா மாப்ளே, கையை நீட்டு."

சம்சு பாய் சாக்கிலிருந்து ஒரு வத்தலை எடுத்தார். காதருகே ஆட்டிச் சத்தம் கேட்டார். திருப்தியானபின் காளீஸ்வரன் உள்ளங்கையில் வைத்து, "ஒண்ணு" என்றார். அடுத்ததை எடுத்து ஆட்டினார். இருபத்தைந்தையும் அப்படியே எண்ணி வைத்தார். மட்டமாக இருந்த ஒன்றை மட்டும் கழித்துவிட்டு வேறு கொடுத்தார்.

"எல்லாம் முதல் தரம். வாக்கு வாக்குதான். வேணும்னா சைட்டைத் திறந்து பாரு, எண்ணிக்கைன்னுதான் போட்டிருக்கு."

காளீஸ்வரன் கையைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். கூட்டம் சிரித்த சிரிப்பில் அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கையில் இருந்த வத்தலைச் சட்டைப்பையில் கொட்டிக்கொண்டு, தன் தோளில் கிடந்த துண்டை எடுத்துச் சம்சு பாய் கை மேல் போட்டார்.

என்ன விலைக்கு முடிந்ததோ, எட்டி எட்டிப் பார்த்தும் எனக்குத் தெரியவில்லை. ஆனால் வந்த வண்டி வெறுமனே போகவில்லை. இருபத்தைந்து மூட்டை ஏறியது.

நான் என் நாலு வத்தலை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். மறுநாள் அந்த வெப்சைட்டைத் திறந்து பார்த்தேன். என் சாக்கு அப்படியேதான் இருந்தது, என் பெயர் அப்போதும் இல்லை. விலைக் கட்டத்தை எடுத்துவிட்டு, படத்துக்குக் கீழே தானே எழுதியிருந்தார். அளவு: மூட்டை. விலை: துண்டோடு வரவும்.