தூக்கித் தைப்பதா, பெரிதாக வைப்பதா

ஓட்டுநர் பள்ளியில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் அவளுக்கு ‘பிரேக் அக்கா’ என்று பெயர். பயிற்சிக் காரில் பக்கத்து இருக்கையின் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. அதில் அவள் கால் விழும் வேகத்தைப் பார்த்து யாரோ ஒரு மாணவர் வைத்த பெயர் அது. வாய்க்கும் அதே வேகம்தான். “கண்ணாடி எதுக்கு இருக்கு, தலை சீவவா?” என்று அவளிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாமல் லைசென்ஸ் எடுத்தவர்கள் அந்த ஊரில் குறைவு.

கல்யாணத்துக்கு முன்பே, சொந்தச் சம்பளத்தில், மார்பைப் பெரிதாக்கும் இம்ப்ளான்ட் வைத்துக்கொண்டவள். ஏன் என்று கேட்டவர்களுக்கு அவளிடம் ஒரே பதில்: “எனக்குப் பிடிச்சுது.” அதற்குப் பிறகு இரண்டு பிள்ளைகள். உடம்பு ஏறியது, இறங்கியது. நாற்பதைத் தாண்டியபோது உள்ளே இருந்த சிலிக்கான் பை ஒரு பக்கம் இறுகிப்போயிருந்தது. சதையோ தளர்ந்து அதற்கும் கீழே சரிந்திருந்தது. சீட் பெல்ட் சரியாக அந்த இடத்தில்தான் குறுக்கே அழுத்தும்.

டாக்டர் இரண்டு வழி சொன்னார். பழையதை எடுத்துவிட்டு அதே தழும்பு வழியாக இன்னும் பெரிய இம்ப்ளான்ட் வைக்கலாம். தளர்ந்த தோல் நிரம்பிவிடும், புதுத் தழும்பு இருக்காது. இல்லையென்றால் மிஞ்சிய தோலை வெட்டி, மார்பைத் தூக்கித் தைத்து, உள்ளே சிறியதாக ஒன்று வைக்கலாம்; அதற்கு ‘லிஃப்ட்’ என்று பெயர். காம்பைச் சுற்றியும் அதிலிருந்து கீழாகவும் தழும்பு வரும், கொஞ்ச நாள் உணர்ச்சி மரத்துப்போகலாம். “யோசிச்சுச் சொல்லுங்க” என்றார்.

அவள் யோசிப்பது என்றால் ஓட்டிப் பார்ப்பதுதான். நர்ஸிடம் அந்தப் பெரிய அளவின் எடைக்குச் சமமான மாதிரிப் பைகளை வாங்கி, உள்ளாடைக்குள் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனாள். பயிற்சி கொடுப்பவள் சும்மா உட்கார்ந்திருக்க முடியாது. ஒரு தெருவுக்குள் பத்துத் தடவை திரும்பிப் பின்னால் பார்க்க வேண்டும். மாணவர் பதறினால் எட்டி ஸ்டியரிங்கைப் பிடிக்க வேண்டும். மதியத்துக்குள் கழுத்து கெஞ்சியது. ‘கிழியப்போற மூட்டையில இன்னும் ரெண்டு படி அரிசியைப் போட்டா மூட்டை நிமிருமா?’ என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். தூக்கித் தைப்பதுதான் என்று கிளினிக்குக்குப் போன் செய்து சொல்லிவிட்டாள். வீட்டிலும் சொன்னாள்.

கணவர் டிவி, ஃப்ரிட்ஜ் விற்கும் கடையில் மேலாளர். “தழும்பெல்லாம் எதுக்கு?” என்றார். “பெருசுக்கும் சின்னதுக்கும் விலையில பெரிய வித்தியாசம் இல்லன்னா பெருசையே எடுத்துடணும். கடைக்கு வர்றவங்ககிட்ட நான் சொல்றது அதான்.”

“சுவத்துல மாட்டப் போறீங்களா?” என்றாள். பேச்சு அதோடு முடிந்தது என்று நினைத்தாள்.

அடுத்த வாரம், ஆபரேஷனுக்கு மூன்று நாள் இருக்கும்போது, மருந்துக்கடை நடத்தும் ஓர் அம்மாவுக்குப் பயிற்சி. எதிரே வரும் வண்டிகளுக்குக் குறுக்கே திரும்புவதென்றால் அந்த அம்மாவுக்கு உயிர் போய்விடும். அதற்குப் பயந்து ஊரையே சுற்றி வருவார். போன் அடித்தது. கை வேலையாக இருந்ததால் அவள் காரின் ஸ்பீக்கரிலேயே எடுத்தாள்.

“மேடம், பெரிய சைஸ் வந்துடுச்சு. வியாழக்கிழமை காலைல ஒண்ணும் சாப்பிடாம வந்துடுங்க” என்றாள் நர்ஸ்.

“பெரிய சைஸா? நான் லிஃப்ட்னு தானே சொன்னேன்?”

“சார் போன் பண்ணி மாத்தினாரே மேடம். நீங்க கிளாஸ்ல பிஸின்னு சொன்னாரு.”

கார் குலுங்கி நின்றது. மருந்துக்கடை அம்மா கிளட்சை விட்டுவிட்டார். பின்னால் ஹாரன் கத்தியது.

“எந்தச் சாரு?” என்று அவள் கத்தினாள். “அந்தச் சாருக்கா உள்ள வைக்கப் போறீங்க?”

போனை வைத்தாள். மருந்துக்கடை அம்மா மெதுவாகக் கேட்டார். “கிளினிக் எங்கம்மா இருக்கு?”

“அடுத்த சிக்னல்ல குறுக்கே திரும்பணும். உங்களுக்கு வேணாம், எறங்குங்க, நான் ஓட்டறேன்.”

“நீங்க இப்ப ஓட்டினா ரெண்டு பேரும் ஆஸ்பத்திரியிலதான் நிப்போம். உக்காருங்க.” அந்த அம்மா இண்டிகேட்டரைப் போட்டார். “எங்க வீட்டுக்காரரும் இப்படித்தான். எனக்குப் பல்லு கட்டும்போது கலரு அவர்தான் பாத்தாரு. போயும் போயும் மஞ்சள்!”

திரும்பினார். லாரி ஒன்று திட்டிக்கொண்டே நின்று வழிவிட்டது.

டாக்டர் அறையில் அவள் உட்காரவில்லை. “டாக்டர், என் உடம்புல எதை வைக்கணும்னு எங்க வீட்டுக்காரர் போன்ல சொன்னா, நீங்க மாத்திடுவீங்களா?”

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். “குடும்பத்துல பேசி முடிவெடுத்திருப்பீங்கன்னு நினைச்சேன். தழும்பு வேணாம்னு சொன்னாரு. நியாயமான காரணம்தானேன்னு...”

“அவருக்கு முடி நட வந்தா எனக்குப் போன் பண்ணுவீங்களா? எத்தனை முடின்னு நான் சொல்றேன்.”

டாக்டர் கண்ணாடியை மேசைமேல் வைத்தார்.

“ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. பெருசு வெச்சா மறுபடி சரியுமா, சரியாதா?”

“கனம் கூடும். இருக்கிற தோல் தளர்ந்த தோல். சரியத்தான் வாய்ப்பு அதிகம்” என்றார். பிறகு, குரலைத் தாழ்த்தி, “மாத்தறதுக்கு முன்னாடி உங்களைக் கேட்டிருக்கணும். தப்பு எங்களோடது. வேற டாக்டர்கிட்டப் போகணும்னாலும் போங்க, ரிப்போர்ட் எல்லாம் தர்றேன்.”

போக வேண்டும் என்றுதான் வாய்வரைக்கும் வந்தது. ஆனால் தப்பை ஒப்புக்கொண்ட ஆளை விட்டுவிட்டு, ஒப்புக்கொள்கிற இன்னொரு ஆளை எங்கே போய்த் தேடுவது? “லிஃப்ட். சின்னது. இனிமே என் வாயிலேருந்து வந்தா மட்டும்தான்” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

வீட்டில் கணவர் பிள்ளைகளின் சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். “கிளினிக்குக்கு எதுக்குப் போன் பண்ணீங்க?” என்றாள்.

“உன் நல்லதுக்குத்தான் சொன்னேன்” என்றார். “தழும்பு தெரியுமே.”

“யாருக்கு?”

அவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

“பதினாறு வருஷமா கூட இருக்கீங்க. ஒரு தடவை வலிக்குதான்னு கேட்டிருக்கீங்களா? கிளினிக் நம்பர் மட்டும் தேடிக் கண்டுபிடிக்கத் தெரியுது. வியாழக்கிழமை நீங்க வர வேணாம். தங்கச்சி வருவா.”

“ஆபரேஷன்மா. நான் இல்லாம எப்படி?”

“நான் இல்லாம முடிவெடுத்தீங்கல்ல? அப்படித்தான்.”

தங்கைதான் வந்தாள். கைப்பையில் பிஸ்கட்டும் ஒரு கட்டு வாரப் பத்திரிகையும். “மாமா வாசல்லயே நிக்கிறாருக்கா, கோழி திருடினவன் மாதிரி” என்றாள். சிரிக்கவும் முடியவில்லை, கோபம் அப்படியே நெஞ்சில் இருந்தது. மயக்க மருந்து ஏறும்போதும் இருந்தது.

கட்டுப் பிரித்த அன்று கண்ணாடி முன் நின்றாள். காம்பைச் சுற்றிச் சிவப்புக் கோடு, அதிலிருந்து கீழே இன்னொன்று. இடது பக்கம் விரல் பட்டால் தெரியவில்லை. வீக்கம் வேறு. அழகாக இல்லை, இன்னும் இல்லை. ஆனால் நிமிர்ந்து இருந்தது, கனமில்லாமல். தோள் இரண்டையும் சுழற்றிப் பார்க்க ஆசை. நர்ஸ் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஒன்றரை மாதம் கழித்து வேலைக்குத் திரும்பினாள். மாணவர்கள் திட்டு வாங்கினார்கள். வீட்டில் அவள் கணவரோடு பேசினாள்: பால், பிள்ளைகள், கரண்டு பில். அதற்கு மேல் இல்லை. ஒருநாள் காலை, உடை மாற்றும் அறையின் கதவுக்கு வெளியே நின்று அவர் தொண்டையைச் செருமினார்.

“வலி எப்படி இருக்கு? நான்... பாக்கலாமா?”

அவள் கொக்கியை மாட்டி முடித்தாள்.

“வலி பரவால்ல. பாக்கறது இன்னைக்கு வேணாம்.”

“சரி” என்றார் கதவுக்கு அந்தப் பக்கம். காலடி நகரும் சத்தம் கேட்ட பிறகுதான் அவள் சட்டையை எடுத்தாள்.