சாவு விழுந்த வீட்டுக்குக் குடி வந்த தரகர்

விளாங்குடியிலிருந்து ஆள் வந்து, வீட்டுத் தரகர் முத்தையா அண்ணன் போய்விட்டார் என்றதும் எனக்கு அழுகை வந்தது. கூடவே எரிச்சலும் வந்தது. இது ஆடி மாதம். யாரும் வீடு மாற மாட்டார்கள். இந்த மாதிரி மாதத்தில்தான் அவர் சும்மா உட்காருவார். அதிலும் உட்காரவில்லை பாருங்கள்.

அவர் பின்னால் வீடு தேடி அலைந்த நீங்கள் பலரும் இதைப் படிப்பீர்கள். என்ன பாடு படுத்தினார் என்று உங்களுக்கும் தெரியும்.

அப்போது நாங்கள் பழங்காநத்தத்தில் ஒரு காம்பவுண்டு வீட்டில் இருந்தோம். ஏழெட்டுக் குடித்தனம், ஒரே குழாய். என் மாமியாருக்குக் காச நோய். அத்தை இருமினால் எல்லாரும் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஒதுங்குவார்கள். ஆடி பிறப்பதற்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். அத்தை என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "என்னைய ஆஸ்பத்திரி வராண்டாவுல போட்டுறாத தாயி. நம்ம வீடுன்னு ஒண்ணுல இருந்து போயிர்றேன்." அதற்குத் தனி வீடு வேண்டும்.

அண்ணன் வீடு காட்டினார். காட்டிய கையோடு கெடுத்தார். வீட்டுச் சொந்தக்காரர் சாவியை நீட்டும் நேரம் பார்த்து, "நல்ல குடும்பந்தான். மாமியாருக்கு மட்டும் காசம்" என்பார். சாவி மடிக்குள் போய்விடும். மூன்றாவது வீடும் இப்படிப் போனதும் என் வீட்டுக்காரர் நடுத்தெருவில் கத்தினார்.

"யோவ், நீ தரகரா, போலீசுக்குத் துப்புக் குடுக்குற ஆளா?"

"மாப்ள, மறைச்சுக் குடியேத்துனா அந்த இருமலே காட்டிக் குடுத்துரும். பெறகு கெழவியத் தூக்கிக்கிட்டு எங்க போவ?"

சைக்கிளோடு அவரைத் தள்ளிவிடலாம் போலிருந்தது எனக்கு.

கடைசியில் விளாங்குடி. வீட்டுக்கார அம்மாவுக்கு அந்த வாடகையில்தான் சாப்பாடு. "சாவு விழுந்துட்டா பெறகு யாரு குடி வருவா?" என்று கேட்டார். நியாயமான பயம்.

"யாரும் வரலேன்னா எங்குடும்பத்தோட நான் வாரேன்" என்றார் அண்ணன்.

ஆனி முடிவதற்குள் அவசரமாகப் பால் காய்ச்சினோம்.

அத்தை தை வரை இருந்தார். நினைத்தபடி தன் வாசல் வழியாகவே போனார். அதன் பிறகு என் வீட்டுக்காரருக்கு அங்கே இருப்புக் கொள்ளவில்லை. திருமங்கலத்துக்கு வந்துவிட்டோம்.

அண்ணன் புதிய ஆட்களைக் கூட்டிப் போயிருக்கிறார். படி ஏறும் முன்பே, "இங்க ஒரு சாவு விழுந்துருக்கு" என்று சொல்லியிருக்கிறார். வந்தவர்கள் செருப்பைக் கழற்றாமலே திரும்பிவிட்டார்கள். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம் அல்லவா? மாட்டார். சித்திரையில் அவரே சட்டிபானையோடு அந்த வீட்டுக்குக் குடி போனார்.

அவர் மனைவி என்னிடம், "ஊருக்கெல்லாம் வீடு பாக்குற மனுசன், எனக்குப் பாத்த வீட்டப் பாத்தியா?" என்றார். திட்டிக்கொண்டேதான் அங்கே இத்தனை வருஷம் குடும்பம் நடத்தினார். அண்ணன் உயிர் பிரிந்ததும் அந்த வீட்டில்தான்.

நேற்று எங்கள் பக்கத்து வீட்டை ஆவணிக்குக் கேட்டு ஒரு பெண் வந்தாள். நல்லதாக நாலு வார்த்தை சொல்லும்படி அந்த வீட்டுச் சொந்தக்காரர் என்னிடம் சொல்லிவைத்திருந்தார். நானும் அதற்குத்தான் வாயைத் திறந்தேன். "மழை பேஞ்சா அடுப்படி ஒழுகும் தங்கச்சி" என்று வந்துவிட்டது. அவள் போய்விட்டாள். அதிலிருந்து அந்தச் சொந்தக்காரர் என்னோடு பேசுவதில்லை.

அண்ணன் எனக்கென்று விட்டுப் போனது இதுதான். இதை வைத்துக்கொண்டு இந்தத் தெருவில் நான் எப்படிக் குடியிருப்பது?