அடிச்ச கார்

என் அண்ணன் அகஸ்ரின் ஆட்களை அடிப்பதை விட்டு எட்டு வருடம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் பலெர்மோவில் எங்கள் சனத்தில் யாரிடம் கேட்டாலும், கோயிலில் பூச்சாடி அடுக்குகிற மனிசர் கூட, "ஆர், அந்தச் சண்டியனோ?" என்றுதான் கேட்பார்கள். சண்டியன்தான். இல்லையென்று நான் சொல்லவில்லை. வுச்சீரியாச் சந்தையில் ஒருவன் குடித்துவிட்டு ஸ்ரெல்லா அண்ணியின் தோளில் கை போட்டான். அண்ணன் அவன் தலைமயிரைப் பிடித்து மீன்காரனின் பளிங்கு மேசையில் மூன்று தரம் மோதினார். முதல் மோதலிலேயே தாடை உடைந்துவிட்டது, மற்ற இரண்டும் அவருடைய ஆசைக்கு. வழக்கு, தண்டம், கெட்ட பெயர் எல்லாம் வந்தன. அன்றிலிருந்து அவர் கையை மடக்கி வைத்துக்கொண்டார்.

மடக்கிய கையை எங்கேயாவது வைக்க வேண்டுமே. பகலில் கரொட்சேரியாவில் வைத்தார். மோதி நசுங்கிய கார்களை நிமிர்த்திப் பெயின்ற் பூசும் பட்டறைக்கு இங்கே அதுதான் பெயர். அங்கே பதினைந்து வருடமாக அவர்தான் பெயின்ற்காரர். ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்ததும் யூடியூப். பழைய ரெண்டு கதவுக் கார்களை, அதுவும் பணக்காரர் ஓட்டி அலுத்துப்போன கார்களை, தமிழில் அலசுவார். பாரிசிலும் சூரிச்சிலும் கல்யாணத்துக்கு ஒரு வடிவான கார் வேண்டும் என்று அலைகிற எங்கள் பெடியள் இவர் சொல்லைக் கேட்டுத்தான் வாங்குவார்கள். போனைப் பிடித்துப் படம் எடுப்பது நான். விமலராணி, தங்கை, ஒரு இத்தாலிக்காரச் சிஞ்ஞோராவின் வீட்டில் கழிப்பறை கழுவுகிறவள். காரைப் பற்றி எனக்கு ஒரு இழவும் தெரியாது. ஆனால் என் கை நடுங்காது என்று அண்ணன் சொல்லுவார்.

இந்த வருடம் அவர் எடுத்துக்கொண்டது ஒரு ஜெர்மன் காரின் மூன்று தலைமுறை. பெயரை எழுத மாட்டேன், கம்பனிக்காரன் என்னோடு கொழுவ வருவான். முதல் தலைமுறைக் காரைப் பகேரியாவில் ஒரு பல் டொக்டரின் வீட்டில் பார்த்தோம். "தொண்ணூறுகளிலை செய்த தகரம், உறவுகளே. கதவு மட்டும் ஒரு ஆளின்ரை பாரம்" என்றார் அண்ணன். இரண்டாவது தலைமுறையில் நடுத்தூண் கிடையாது, நாலு கண்ணாடியையும் இறக்கினால் பக்கம் முழுக்கத் திறந்துவிடும். அதைப் பார்த்து எனக்கே ஆசை வந்தது. அண்ணன் விடவில்லை. "வடிவைப் பாத்து மயங்காதேங்கோ. வயர் வருத்தம் தொடங்கிச்செண்டால் கட்டின தாலியைக் கழட்டோணும்" என்றார். மூன்றாவதைத் திட்டுவதற்கென்றே மூன்று வாரம் காத்திருந்தார். எஞ்சின் சத்தம் கூட ஸ்பீக்கருக்குள்ளால்தான் வருமாம். "தேப்பன் நல்லவன், மோன் வடிவானவன், பேரன் பேய்க்காய்" என்று கரொட்சேரியாவில் எல்லோருக்கும் சொல்லித் திரிந்தார்.

அந்த மூன்று வாரத்துக்குள்தான் கடிதம் வந்தது. இத்தாலியப் பிரஜாவுரிமை. பதின்மூன்று வருடம் அலைந்து, கெட்ட பெயரை அழிக்கத் தனியாக ஒரு வழக்கறிஞரைப் பிடித்து, கடைசியில் வந்தது. வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு நகரசபையில் சத்தியப் பிரமாணம். அதற்கடுத்த திங்கட்கிழமை அவருடைய மகள் அனிற்றாவுக்குப் பதினெட்டு முடிகிறது. ஊரில், பேசாலையில் பிறந்து நாலு வயதில் இங்கே வந்தவள். வியாழக்கிழமை தகப்பன் அந்தச் சத்தியத்தைச் சொன்னால், பதினெட்டு நிறையாத பிள்ளை என்பதால் அவளும் அதே நொடியில் இத்தாலிக்காரி. திங்கள் தாண்டினால் அவளுக்கு ஒன்றுமில்லை. தன் பெயரில் புதிதாக விண்ணப்பம் போட்டு இன்னும் நாலைந்து வருடம் வரிசையில் நிற்க வேண்டும். "அதுவரைக்கும் ஒரு வழக்கும் விழக்கூடாது" என்று வழக்கறிஞர் விரலை ஆட்டிச் சொல்லியிருந்தார்.

வியாழனுக்கு முந்திய ஞாயிறு. அண்ணி வாசலில் நின்று மறித்தார்.

"இந்த ஒரு கிழமை வீட்டிலை இருங்கோவன். கார் எங்கை ஓடப் போகுது?"

"காருக்கு முன்னாலை நிண்டு கதைக்கிறதுக்கு ஆரப்பா வழக்குப் போடுறது?" என்று அண்ணன் சிரித்தார்.

நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்கு என்னை நானே செருப்பால் அடிக்க வேண்டும்.

மூன்றாம் தலைமுறைக் கார் பகேரியா போகிற ரோட்டில், சால்வோ என்கிறவன் பழைய கார் விற்கும் முற்றத்தில் நின்றது. கறுப்பு. பாரிசில் ஒரு பெடியன் அதற்கு முற்பணம் கட்டத் தயாராக இருந்தான், அண்ணனின் ஒரு சொல்லுக்குத்தான் காத்திருந்தான். சால்வோவும் படம் எடுக்கச் சந்தோசமாக விட்டான், இலவச விளம்பரம் அல்லவா. அவனிடம் கார் கழுவுகிற எங்கள் ஆள் ஒருவன் பக்கத்தில் நின்றான். கிரிசாந், முப்பது வயது, ரெண்டு வயதில் பலெர்மோவுக்கு வந்தவன். பல்லரோச் சந்தைத் தெருக்களில் வளர்ந்ததால் அவன் தமிழும் அங்கே பொறுக்கிய தமிழ்தான். அன்று லைவ். நானூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அண்ணன் விரல் மொழியால் கதவைத் தட்டினார். பிறகு பின்பக்கத்தை. குனிந்து வெயிலுக்குச் சரித்துப் பார்த்தார். அவருடைய முகத்தில் ஒரு வேட்டைச் சந்தோசம் வந்தது.

"உறவுகளே, வடிவாய்க் கேளுங்கோ. இஞ்சை ஒரு சத்தம், அங்கை வேறை சத்தம். கிட்டப் பாத்தால் தோடம்பழத் தோல் மாதிரிச் சொரசொரப்பு. கம்பனியிலை இருந்து இப்பிடி வராது. இது அடிச்ச கார். ஒரு பக்கம் ரெண்டு பக்கம் இல்லை, முழுக்க அடிச்ச கார்."

பெயின்ற் அடித்த கார் என்றுதான் சொன்னார். பதினைந்து வருடமாக அவருடைய வாயில் அடிச்ச என்றால் அது ஒன்றுதான். ஆனால் எங்கள் பாழாய்ப்போன சொல்லுக்கு எத்தனை அர்த்தம்! போன் அடிக்கிறோம், தண்ணி அடிக்கிறோம், ஆளை அடிக்கிறோம். சந்தையில் பெடியள் களவெடுத்ததையும் அடிச்சது என்கிறார்கள்.

"கே தீச்சே?" என்று சால்வோ கிரிசாந்தைக் கேட்டான். என்ன சொல்கிறான் இவன்?

கிரிசாந்தின் முகம் வெளுத்திருந்தது. முதலாளியின் காதுக்குள் தயங்கித் தயங்கி ஒரு சொல் சொன்னான். எனக்குக் கேட்டது. "ரூபாத்தா." என் கைப்பையைப் பறித்துக்கொண்டு ஓடின அன்று போலீசில் நான் அழுதழுது சொன்ன சொல். களவுபோனது.

"இல்லை, இல்லை, வெர்னீச்சே! பெயின்ற்!" என்று கத்தினேன். கத்தி முடியவில்லை, சால்வோவின் முஷ்டி அண்ணனின் வாயில் இறங்கிவிட்டது.

பெயின்றைப் பற்றிப் பேசினவனை எவனாவது இப்படி அடிப்பானா என்று நீங்கள் கேட்கலாம். பிறகுதான் தெரிந்தது, அந்தக் கார் உண்மையாகவே களவெடுத்த கார். மிலானோவில் எடுத்து, வெள்ளையைக் கறுப்பாக்கி, நம்பரை அராவி வைத்திருந்தான், நாசமாய்ப் போவான். நானூறு பேருக்கு முன்னால் ஒருவன் தன் கள்ளத்தைப் போட்டு உடைக்கிறான் என்று அவன் நினைத்தான். பயத்தில் அடிக்கிற அடி வெறியில் அடிக்கிறதை விடப் பொல்லாதது. அலுவலகத்துக்குள்ளிருந்து அவனுடைய தம்பியும் ஓடிவந்தான்.

அண்ணன் என்ன செய்தார் தெரியுமா? இரண்டு கையையும் முதுகுப்புறம் கொண்டுபோய்த் தன் பெல்ற்றுக்குள் செருகிக்கொண்டார். வாயிலிருந்து இரத்தம் கொட்டக் கொட்ட என்னைப் பார்த்துக் கத்தினார்.

"ராணி! போனைப் பிடி! நான் கை வைக்கேல்லை எண்டு எல்லாரும் பாக்கட்டும்! என்ன நடந்தாலும் விடாதை!"

பிடித்தேன். மாதாவே, பிடித்தேன். வயிற்றில் உதைத்தார்கள், பிடித்தேன். மூக்கு உடைந்த சத்தம் கேட்டது, பிடித்தேன். விழுந்தவரின் விலாவில் தம்பிக்காரன் சப்பாத்தோடு ஏறினான். என் பல்லெல்லாம் கூசியது, ஆனாலும் கை நடுங்கவில்லை. அண்ணன் எழும்புவதற்காக ஒரு கையை மட்டும் பெல்ற்றிலிருந்து எடுத்துக் கதவு திறந்து கிடந்த காரின் விளிம்பில் ஊன்றினார். வலது கை. அடிக்க எடுத்த கை இல்லை, ஊன்ற எடுத்த கை. சால்வோ கதவைப் பிடித்து ஓங்கிச் சாத்தினான்.

அந்தச் சத்தத்தை எழுத எனக்குத் தெரியாது. அண்ணன் கத்தக் கூட இல்லை, "அம்மா" என்று மெல்லச் சொன்னார். கதவு திரும்பத் திறந்தபோது நாலு விரலும் நான்கு பக்கம் பார்த்தன.

எனக்கும் அதே இரத்தம்தானே. போனை எறிந்தேன். அது காருக்கு அடியில் குப்புற விழுந்தது. சுவரோரம் கிடந்த ஜாக்கித் தடியைத் தூக்கினேன். சால்வோவின் மண்டை மட்டும்தான் என் கண்ணுக்குத் தெரிந்தது. முழுப் பலத்தோடு, என் பதின்மூன்று வருடக் கழிப்பறைகளின் பலத்தோடு, இறக்கினேன். அந்த நொடியில் அண்ணனைக் காப்பாற்ற இடையில் பாய்ந்தான் கிரிசாந். முதுகு என் பக்கம். அடி அவனுடைய பின்மண்டையில் விழுந்தது. ஒரு சத்தமும் இல்லாமல் மடங்கி விழுந்தான். தடி என் கையிலிருந்து நழுவி அண்ணனின் காலடிக்கு உருண்டது.

கரபினியேரிப் போலீஸ் வந்தபோது தடி அங்கேதான் கிடந்தது. சால்வோவும் தம்பியும் ஒரே வாயாக, அகஸ்ரின்தான் அடித்தான் என்றார்கள். நான் நெஞ்சில் அடித்துக்கொண்டு சொன்னேன், நான்தான், நான்தான் அடித்தது என்று. அவர்களுடைய மார்ஷல் அண்ணனின் பழைய வழக்கைக் கணினியில் பார்த்துவிட்டு என்னை இரக்கத்தோடு பார்த்தார். அண்ணனுக்காகத் தங்கை பொய் சொல்கிறாள் என்று நினைத்த இரக்கம் அது. நெருப்புப் பற்றியது எனக்கு.

"கை நசுங்கின மனிசன் எப்பிடி ஐயா அடிக்கிறது?" என்று கேட்டேன்.

"இடது கை இருக்கிறதே, சிஞ்ஞோரா" என்றார்.

போனில் எல்லாம் இருந்தது, ஏழு அடியும், உதையும், கதவும். அதற்குப் பிறகு இருட்டும் கத்தலும். கிரிசாந்தின் மண்டை உடைந்தது அந்த இருட்டில்தான். அவன் பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை, யார் அடித்தது என்று தெரியாது என்றான். அதுதான் உண்மை, அவனை எதற்குக் குறை சொல்ல? பதினொரு தையலோடு கிடந்தவனிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன்.

"அக்கா, அடிச்ச எண்டால் களவெடுத்ததுதானே? அடிச்ச போன், அடிச்ச மோட்டச்சைக்கிள் எண்டெல்லே பெடியள் சொல்லுறவங்கள்?"

பெயின்ற் என்று விளக்கினேன். சிரிக்கத் தொடங்கினான், தையல் இழுத்ததில் அழுதான். நானும் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

சால்வோ இப்போது உள்ளே. கார் மிலானோக்காரனுக்குத் திரும்பிப் போய்விட்டது. பாரிசுப் பெடியன் நன்றி சொல்லி இதயப் படம் அனுப்பினான், அவன் இதயத்தைக் கொண்டுபோய் உப்பில் போட. அண்ணனுக்கு இரண்டு விரல் இனி மடங்காது, பெயின்ற் துப்பாக்கியைப் பிடிக்க முடியாது. புதன்கிழமை நகரசபையிலிருந்து அழைத்தார்கள். விசாரணை முடியும் வரை சத்தியப் பிரமாணம் ஒத்திவைக்கப்படுகிறது. ஆறு மாதத்தில் அண்ணன் வழக்கிலிருந்து சுத்தமாக வெளியே வருவார் என்று வழக்கறிஞர் சொன்னார். ஆறு மாதம்! திங்கட்கிழமை அனிற்றாவுக்குப் பதினெட்டு நிறைந்தது. கேக் வாங்கினோம், ஒருவரும் வெட்டவில்லை.

அண்ணன் என்னை ஒரு சொல் ஏசவில்லை. ஏசினால் பிழைத்துப்போவேன் என்று அவருக்குத் தெரியும் போல.

போன கிழமை அனிற்றாவின் பெர்மெஸ்ஸோவை, இங்கே இருக்க விடுகிற அனுமதி அட்டையை, பெரிய ஆள் என்று மாற்ற வேண்டியிருந்தது. ஸ்ரெல்லா அண்ணிக்கு வேலை, நான் கூடப் போனேன். குவெஸ்தூரா என்கிற போலீஸ் தலைமையகத்தின் வெளி வரிசை. எங்களுக்கு முன்னால் வங்காளிகள், கானாக்காரர், கைக்குழந்தையோடு ஒரு பெண். பலெர்மோவில் படித்து, பலெர்மோக்காரி மாதிரியே கதைக்கிற பிள்ளை நெற்றி வியர்க்க வரிசையில் நின்றாள். ஒரு மணி நேரம் கழிந்தது. பிறகு திரும்பினாள்.

"மாமி, உங்களுக்குக் கோவம் வந்திட்டுது, நீங்கள் அடிச்சீங்கள். பாஸ்தா, முடிஞ்சுது. இப்ப எனக்குக் கோவம் வருது. நான் ஆருக்கு அடிக்கிறது?"

"எனக்கு அடி" என்றேன்.

சும்மா சொல்லவில்லை. அவளும் சும்மா விடவில்லை. எங்கள் குடும்பத்துக் கை அல்லவா, வலது கன்னத்தில் விழுந்த அறை காது வரைக்கும் ஏறியது. வரிசை முழுவதும் திரும்பிப் பார்த்தது. வாசலில் நின்ற போலீஸ்காரன் துப்பாக்கிப் பெல்ற்றைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தான். அனிற்றா விண்ணப்பக் கட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். என் இரண்டு கையும் துடித்தன. நான் அவற்றைக் கட்டிக்கொண்டேன்.

"என்ன நடக்கிறது இங்கே? இவள் உங்களை அடித்தாளா?"

"இல்லை ஐயா" என்றேன். "கன்னத்தில் நுளம்பு இருந்தது."