நூல் கட்டிய போத்தல்

மகளின் போனைக் கையில் எடுத்தேன். சார்ஜ் ஆறு வீதம்தான் மிஞ்சியிருந்தது. அவள் எழுதப்போகும் சாதாரண தரச் சோதனைக்கு இன்னும் ஒரு கிழமைதான் இருக்கிறது.

“இராத்திரி என்ன செய்தனீ?”

“பழைய வினாத்தாள் செய்தனான் அம்மா. அதுதான் சார்ஜ் இறங்கிட்டுது.”

இறங்கியதையே சாட்சியாகக் காட்டுகிறாள். இந்தக் கதை எனக்குப் புதிதல்ல.

நான் சோதனை எடுத்த காலத்தில் தர்மபுரத்தில் மின்சாரம் இல்லை. சண்டையால் மண்ணெண்ணெய்க்கும் தட்டுப்பாடு. ஜாம் போத்தலில் திரி போட்ட விளக்கில்தான் படிப்பு. அப்பா என்னை லேசில் நம்பமாட்டார். பின்னேரம் எண்ணெய் நிற்கும் மட்டத்தில் போத்தலைச் சுற்றி ஒரு கறுப்பு நூல் கட்டுவார். விடிந்ததும் குந்தியிருந்து, நூலுக்குக் கீழே எண்ணெய் எவ்வளவு இறங்கியிருக்கிறதென்று விரல் வைத்துப் பார்ப்பார். இரண்டு விரல் இறங்கியிருந்தால்தான் நான் படித்தேன் என்று அர்த்தம்.

ஒருநாள் விளக்கை நூர்த்துவிட்டு நித்திரையாகிவிட்டேன். அப்பா எழும்புமுன் இரண்டு விரல் எண்ணெயைக் குசினிக்குப் பின்னால் நின்ற மிளகாய்க் கண்டின் அடியில் ஊற்றினேன்.

“நல்லாப் படிச்சிருக்கிறாய்” என்றார் அப்பா.

நாலாம் நாள் அந்தக் கண்டு கருகிவிட்டது. அப்பா அதைப் பிடுங்கி, வேரை மூக்கருகே கொண்டுபோனார். பிறகு என்னைப் பார்த்தார்.

“ஏன் பிள்ளை, இந்தக் கண்டும் சோதனை எடுக்குதோ?”

அன்று பின்னேரம் நூலைக் கட்டிவிட்டு, மிச்சமிருந்த மிளகாய்க் கண்டுகளையும் எண்ணி வைத்துக்கொண்டார்.

மகள் என்னையே பார்த்தபடி நின்றாள்.

“ஏனம்மா போனை மணந்து பாக்கிறியள்?”