கேட்பவளுக்குத் தொண்ணூற்றேழு மார்க்

ஞாயிற்றுக்கிழமை காலையில் வாரத்துத் துணியை மடிப்பது மனைவி. மடித்து முடிக்கும் வரை நடிப்பைப் பற்றிப் பேசுவது மார்க் சார். இருபது வருஷமாக அந்த வீட்டின் வேலைப் பிரிவினை இதுதான். அவள் கட்டிலில் கால் நீட்டி உட்காருவாள். அவர் அவளுக்கு இடது பக்கம், ஜன்னலோர நாற்காலியில், மடியில் நீல அட்டை நோட்டோடு.

பார்த்த படங்களில் யார் எப்படி நடித்தார்கள் என்று நூற்றுக்கு மார்க் போட்டு வைத்திருக்கும் நோட்டு அது. பட்டப்பெயர் அதிலிருந்து வந்ததுதான். வைத்தவர்கள் ஆபீஸ்காரர்கள். அங்கே லீவு மனுக்களைப் பார்த்து மேலதிகாரிக்கு அனுப்பும் மேஜை அவருடையது. மனுவை அவர் அதிகம் படிப்பதில்லை. கொண்டுவந்து நீட்டுகிறவனின் முகத்தைப் படிப்பார்.

"கண்ணு அழுவுது, மூக்கு சும்மா இருக்கு," என்பார். "நெஜமா அழுதா மொதல்ல மூக்குதான்யா அழும்."

தாத்தா செத்துப்போனதாகச் சொன்ன ஒருவரை இப்படித்தான் பிடித்தார். அந்தத் தாத்தாவுக்கு அது மூன்றாவது சாவு. அதிலிருந்து மார்க் சாருக்குத் தலைகால் புரியவில்லை. போன வருஷம் ஆபீஸ் டிரைவர் வந்து, மனைவிக்கு ஆபரேஷன், கூட இருக்க வேண்டும் என்றார். "தோள்ல பாரமே இல்லையேப்பா" என்று முப்பத்தைந்து போட்டு, மனுவை நாலு நாள் அடியில் வைத்தார். ஆபரேஷன் உண்மை என்று தெரிந்த பிறகும் மார்க்கைத் திருத்தவில்லை.

"விஷயம் நெஜம்தான். ஆனா நடிப்பு சரியில்ல."

அன்றைக்கு நாற்காலியிலிருந்து வந்ததும் வழக்கமான பாடம்தான்.

"ஹீரோ ஏழு குண்டு வாங்கிட்டு ஒன்பது நிமிஷம் பேசுறான். ஜனம் கை தட்டுது. நான் பன்னெண்டு போட்டேன். அதுவும் விழுந்த விதத்துக்கு. பேசுறது என்ன பெரிய நடிப்பு? கேக்குறதுதான் நடிப்பு. அந்தப் பழைய படத்துல, புருஷன் வேலை போச்சுன்னு சொல்றான். பொண்டாட்டி சட்டைக்குப் பட்டன் தைச்சுக்கிட்டிருக்கா. நிமிந்தே பாக்கல. நூலைப் பல்லால கடிச்சா பாரு! தொண்ணூத்தேழு!"

"அடடே," என்றாள் மனைவி, தலையணை உறையை உதறியபடி.

"மூணு மார்க் ஏன் போச்சுன்னு கேளேன்."

அவள் புன்னகையோடு தலையை ஆட்டினாள். கேட்கவில்லை. அவரே சொன்னார்: மூச்சு விட்டது அரை வினாடி தாமதம்.

அப்போது மகள் வந்து ஜன்னல் பக்கம் நின்றாள். மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள்.

"அம்மா, என் நீல துப்பட்டா எங்க?"

அம்மா ஒரு பாவாடையை நிதானமாக நாலாக மடித்தாள்.

"எத்தனை தடவை மறந்துடறேன்," என்று மகள் கட்டிலைச் சுற்றி வலது பக்கம் போய்க் கேட்டாள். துப்பட்டா உடனே கிடைத்தது.

"என்னடி சுத்துற?" என்றார் மார்க் சார்.

"அம்மாவுக்கு இடது காது ஒரு வருஷமா கேக்காதுப்பா. வலதும் கொஞ்சம் மந்தம். செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு டாக்டரைப் பாக்கணும். ஆபரேஷனா, மெஷினான்னு அன்னிக்குத்தான் முடிவு. டாக்டர் சொல்றதைக் கேட்டுக்க, அம்மாகூட ஒருத்தர் வேணும். அன்னிக்கு எனக்குக் கடையில ஸ்டாக் எடுக்கணும், நகர முடியாது. நீங்க லீவு போடுங்க."

சொல்லிவிட்டு அவள் சமையலறைக்குப் போனாள். மார்க் சார் மனைவியைப் பார்த்தார். டிக்கெட் வாங்காமல் உள்ளே வந்து உட்கார்ந்திருப்பவரைப் பார்ப்பது போல ஒரு பார்வை.

"ஒரு வருஷமாவா?" அவர் குரல் வீட்டை அதிரவைத்தது. "என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா அதைப் பத்தியும் ரெண்டு மணி நேரம் பேசுவீங்க."

"அப்போ இவ்வளவு நாளா நான் சொன்னதெல்லாம்?"

"பாதி வரும், பாதி வராது. வராதப்போ நிம்மதியாத்தான் இருந்துச்சு. போகப்போக வாசல் மணியும் கேக்கல. பஸ்ஸு பின்னாடி வந்து நின்னாலும் தெரியல. அதுதான் பயமாயிருக்கு." ஒரு துண்டைத் தட்டி நேராக்கினாள். "நீங்க வர்றீங்களா?"

லீவு மனு அவர் கண்முன் வந்தது. காரணம் என்ற கட்டத்தில் 'மனைவிக்கு உடல்நிலை சரியில்லை' என்று எழுத வேண்டும். அரைத்த மாவு என்று அவர் எத்தனை பேரைச் சிரித்து அனுப்பிய வரி! அதை நீட்டிக்கொண்டு மேலதிகாரி முன்னால் நிற்க வேண்டும். கதவோரம் டிரைவர் இருப்பார். தோளை எப்படி வைத்துக்கொள்வது?

"அந்தக் கோமாளி சீனைச் சொன்னப்போ சரியான இடத்துல சிரிச்சியே?" என்றார், இன்னும் உரக்க.

"உங்க வயிறு குலுங்கும். அதைப் பாத்துச் சிரிப்பேன்."

"சோகமான சீன்னா?"

"கண்ணாடியைக் கழட்டுவீங்க. நான் உச்சுக் கொட்டுவேன்."

நூலைக் கடித்த நடிகை அந்தக் கணமே இரண்டாம் இடத்துக்குப் போனாள். மார்க் சார் நோட்டைப் பிரித்துப் பேனா மூடியைக் கழற்றினார். ஒரு வருஷம், பக்கத்து நாற்காலியில் அவரைப் போன்ற ஆள், ஒரு டேக் கூடக் கெடவில்லை!

"தொண்ணூத்தெட்டு போடலாம். அந்த 'அடடே' மட்டும் கொஞ்சம் ஒரே மாதிரி…"

"செவ்வாய்க்கிழமை வர்றீங்களான்னு கேட்டேன்."

"இரு, எழுதிக்கிறேன்."

அவள் சட்டைகளின் மேல் வேட்டிகளையும், அதன்மேல் துண்டுகளையும் அடுக்கினாள். அடுக்கை மோவாயால் அழுத்திப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். அவர் எழுதி முடித்து, அடிக்கோடு போட்டு, நிமிர்ந்தபோது அவள் ஜன்னலைத் தாண்டிக் கதவருகே போயிருந்தாள்.

"ஏய், செவ்வாய்க்கிழமை எத்தனை மணின்னு சொன்னா அவ?" என்றார். இந்த முறை குரல் உயரவில்லை.

அவளுடைய இடது பக்கம்தான் அவரைப் பார்த்து இருந்தது. துண்டு அடுக்கு கொஞ்சமும் அசையாமல், திரும்பாமல், அவள் அடுத்த அறைக்குப் போனாள்.